கூரையிழந்த கலைக்கூடம்

பாழடைந்த மாளிகைகளை வரைவதையே தொழிலாகக் கொண்ட ஓவியர் பலர் 18-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் வாழ்ந்தனர். ரோமாபுரியின் இடிந்த மண்டபங்களும் சாய்ந்த தூண்களும் அவர்களுக்கு வற்றாத விளைநிலமாய் இருந்தன. அவர்களுள் ஒருவர் உபேர் ரொபேர் என்னும் பிரெஞ்சு ஓவியர். 'பாழ்களின் ரொபேர்' என்று அவர் காலத்தவரே அவரை அழைத்தனர். இடிந்த கட்டடத்தை இடிந்ததாக வரைவதில் வியப்பில்லை. ஆனால் நன்றாக நின்றுகொண்டிருந்த ஒரு கட்டடத்தை, அதிலும் தம் பொறுப்பில் இருந்த ஒரு கட்டடத்தை, பாழாய்க் கிடப்பதாக வரைந்து, அதனைப் பலரும் காணும் கலைக்காட்சியிலும் வைத்தவர் ரொபேர். அவ்வோவியமே இக்கட்டுரையின் பொருள்.

ஓவியத்தின் பெயர், 'லூவர் பெருங்கூடம் பாழடைந்த நிலையில்: ஒரு கற்பனைக் காட்சி' என்பது. 1796-ஆம் ஆண்டு துணிமேல் எண்ணெய் வண்ணத்தால் தீட்டப்பெற்றது. ஏறக்குறைய 115 சென்டிமீட்டர் உயரமும் 145 சென்டிமீட்டர் அகலமும் உடையது. நெடிய கூடம் ஒன்று நம் கண்முன் தொடங்கி உட்புறம் நோக்கி ஓடுகின்றது. வில்போல் வளைந்திருந்த கூரை இடிந்து விழுந்துவிட்டது. எஞ்சி நிற்கும் விளிம்புகளில் செடிகொடிகள் முளைத்திருக்கின்றன. கூரை இருந்த இடத்தில் வானமும் முகிலும் தெரிகின்றன. தரையெங்கும் உடைந்த கற்கள். சுவர்களில் ஓவியம் ஒன்றும் இல்லை. முன்புறத்து இடிபாடுகளிடையே மைக்கலாஞ்சலோ செதுக்கிய 'இறக்கும் அடிமை' என்னும் சிலையையும், ஓவியர் ரபேலின் மார்பளவுச் சிலை ஒன்றையும் அடையாளம் காணலாம். இவற்றுக்கிடையே ஒரு சிலை மட்டும் சிதையாமல் நிமிர்ந்து நிற்கின்றது. அது 'பெல்வெதேர் அப்பல்லோ' என்று உலகம் போற்றும் பழஞ்சிலை. அதன்முன் அமர்ந்து ஓர் ஓவியன் அதனைப் பார்த்து வரைந்துகொண்டிருக்கின்றான்.

லூவர், பிரெஞ்சு மன்னர்களின் பழைய அரண்மனை. அதனையும் அதற்கு மேற்கே இருந்த துய்லெரி அரண்மனையையும் இணைப்பதற்காகச் சேன் ஆற்றங்கரையை ஒட்டி ஒரு நெடுங்கூடத்தைக் கட்டுவித்தார் நான்காம் ஹென்றி மன்னர். 1595-இல் தொடங்கிய வேலை 1610-இல் முடிந்தது. 400 மீட்டருக்கும் மேற்பட்ட நீளமுடைய கூடம் அது. பிரெஞ்சுப் புரட்சியின்போது, 1793 ஆகஸ்டு 10-ஆம் நாள், லூவர் பொதுமக்களின் கலைக்கூடமாகத் திறக்கப்பெற்றது. மன்னர்கள் நடந்த கூடத்தில் மக்கள் நடந்தனர். ரொபேர் தம் ஓவியத்தைத் தீட்டியபோது அக்கலைக்கூடத்துக்கு வயது மூன்றுதான். 1796-இல் பெருங்கூடம் செப்பனிடும் வேலைக்காக மூடப்பட்டிருந்தது. பிறந்து மூன்றே ஆண்டான குழந்தையின் சாவை அதன் செவிலியே எழுதிக் காட்டியது போன்ற செயல் இது.

தமிழ் படித்த நம்மவர் இவ்வோவியத்தைக் கண்டவுடன், 'இது நிலையாமை பற்றியது. காஞ்சித்திணைக்கு உரியது' என்று முடிவு கட்டிவிடக்கூடும். மேனாட்டு நூல்களும் பெரும்பாலும் இதே முடிவுக்குத்தான் வருகின்றன. மன்னரும் மாளிகையும் மறையும், பாரிசும் ஒருநாள் ரோமாபுரி ஆகும் என்ற எண்ணம் அக்காலத்தில் பலர் மனத்தில் இருந்ததும் உண்மையே. வோல்னே என்பவர் 1791-இல் வெளியிட்ட 'பாழ்கள்' என்னும் நூலில், சிரியா நாட்டுப் பாழ்நகர் ஒன்றின் நடுவே அமர்ந்து, சேன் ஆற்றங்கரையும் ஒருநாள் இவ்வாறாகுமோ என்று எண்ணிப் பார்க்கின்றார். அந்நூல் வெளிவந்து ஐந்தே ஆண்டுகளில் தீட்டிய ஓவியம் இது. எனவே நிலையாமை என்று சொல்வது பிழையாகாது. ஆயினும் அவ்வொரு சொல்லோடு நின்றுவிட்டால் ஓவியத்தில் பாதியைக் காணாமல் விட்டவர் ஆவோம். பாதி என்று நாம் சொல்வது அணிக்காக அன்று. இவ்வோவியம் தனி ஓவியமே அன்று, இரட்டையருள் ஒருவர்.

1796-ஆம் ஆண்டுக் கலைக்காட்சியில் ரொபேர் இதனோடு மற்றொன்றையும் வைத்தார். அது 'லூவர் பெருங்கூடத்தைச் சீரமைக்கும் திட்டம்' என்னும் ஓவியம். அளவும் இதே அளவு. அதே கூடம், அதே கோணம். அதில் கூரை முழுமையாய் இருக்கின்றது. கூரையில் கண்ணாடிச் சாளரங்கள் திறந்திருக்க, அவற்றின் வழியே ஒளி கீழே இறங்குகின்றது. இருபுறச் சுவர்களிலும் ஓவியங்கள் வரிசை வரிசையாகத் தொங்குகின்றன. மக்கள் நடந்துகொண்டும் நின்று பார்த்துக்கொண்டும் இருக்கின்றனர். முன்புறத்தில் ஓர் ஓவியர் ரபேலின் 'திருக்குடும்பம்' என்னும் படத்தைப் படியெடுத்துக்கொண்டிருக்கின்றார். அவர் ரொபேரே என்பர். இவ்விரண்டு ஓவியங்களும் ஒரு காலத்தில் ரஷ்யப் பேரரசரின் சார்ஸ்கோயே செலோ அரண்மனையில் இருந்தன. 1975-இல் லூவர் அவ்விரண்டையும் பெற்றது. இன்று கலை நூல்கள் பல பாழ் ஓவியத்தை மட்டும் அச்சிட்டு மற்றதை விட்டுவிடுகின்றன. குறளின் முதலடியை அச்சிட்டு இரண்டாம் அடியை விட்டுவிட்டு, அதற்கு உரையும் எழுதுவது போன்றது இது.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போர் முதலில் காண்பது வேற்றுமையை. ஒன்றில் வாழ்வு, மற்றதில் அழிவு. சற்று நேரம் நின்று பார்த்தால் ஒற்றுமை ஒன்று தோன்றும். அதுவே நாம் இங்கு வற்புறுத்த விரும்புவது. இரண்டு ஓவியங்களிலும் ஒளி மேலிருந்து வருகின்றது. திட்ட ஓவியத்தில் கூரையைத் திறந்தவர் கட்டடக் கலைஞர். பாழ் ஓவியத்தில் கூரையைத் திறந்தது காலம். திறந்த பிறகு விழும் ஒளி ஒன்றுதான்.

இது தற்செயலாக நேர்ந்ததன்று. அக்காலத்துப் பெருங்கூடத்தில் ஒளி பக்கச் சாளரங்களின் வழியாகவே வந்தது. சாளரங்கள் இருந்தமையால் படம் மாட்டுவதற்குரிய சுவர் குறைந்தது. எதிர்ச் சுவரில் மாட்டிய படத்தின் மேல் ஒளி பட்டுக் கண் கூசியது. சாளரத்துக்கும் சாளரத்துக்கும் இடையே மாட்டிய படமோ நிழலில் மூழ்கியது. எண்ணெய் வண்ணப் படத்தைச் சாளரத்துக்கு எதிரே மாட்டிப் பார்த்தவர்க்கு இத்தொல்லை எளிதில் விளங்கும். பக்கச் சாளரங்களை அடைத்துவிட்டுக் கூரையைத் திறந்து ஒளி பெற வேண்டும் என்ற வழக்கு, புரட்சிக்கு முன்பே, 1770களின் இறுதியிலிருந்து நடந்துவந்தது. கூரை பாரம் தாங்குமா, மழை ஒழுகுமா, செலவு எவ்வளவு என்று குழுக்கள் கூடிக் கூடிக் கலைந்தன. குழுக்களின் இயல்பு எந்த நூற்றாண்டிலும் ஒன்றே போலும்! அரசரின் ஓவியத் தொகுதியைக் காக்கும் பொறுப்பில் இருந்த ரொபேருக்கு இவ்வழக்கு நன்றாகத் தெரியும். மேலொளியின் பக்கம் நின்றவர் அவர். எனவே அவருடைய திட்ட ஓவியம் வெறும் அழகுக் காட்சியன்று, ஒரு வாதம். அந்த வாதத்தின் மறுபாதி பாழ் ஓவியத்தில் இருக்கின்றது என்பது எம் கருத்து.

பாழ் ஓவியத்தில் எவை போயின, எவை நின்றன என்று எண்ணிப் பாருங்கள். ஒப்பனை போயிற்று. மன்னர் கட்டிய கூரை போயிற்று. நடந்து திரிந்த கூட்டம் போயிற்று. ஓவியங்கள் எல்லாம் போயின. இதனை எழுதியவர் ஓவியர் என்பதை மறந்துவிடலாகாது. கல்லும் வெண்கலமும் தாங்கும். துணியும் வண்ணமும் தாங்கா என்று அவரே ஒப்புக்கொள்கின்றார். ரபேலின் படங்கள் இல்லை. ரபேலின் தலை மட்டும் கல்லாய் எஞ்சியிருக்கின்றது. திட்ட ஓவியத்தில் ரபேலைப் படியெடுத்துக்கொண்டிருந்தவர், தம் கலைக்கு இத்தகைய முடிவை எழுதத் துணிந்தது சிறிய செய்தியன்று. எல்லாம் போனபின் நின்றவை மூன்று: மேலிருந்து விழும் ஒளி, அந்த ஒளியில் நிற்கும் ஒரு கலைப்பொருள், அதன்முன் அமர்ந்து கற்கும் ஒருவன். திட்ட ஓவியத்தில் ரொபேர் கேட்டதும் இம்மூன்றைத்தான். கலைக்கூடம் என்பது எதற்காக என்ற கேள்விக்கு, மற்றவற்றையெல்லாம் கழித்துவிட்டு விடை காட்டுகின்றார். பாழ் ஓவியம் திட்டத்தின் எதிர்ப்பக்கம் அன்று, அதன் சாறு.

இவ்வாறு பொருள் கொள்வது கட்டுரையாளரின் கற்பனை என்று கருதுவோர், ரொபேரின் பழைய ஓவியம் ஒன்றை நினைவுகூர வேண்டும். 1733-இல் பாரிசில் பிறந்த ரொபேர் 1754-இல் ரோமாபுரி சென்று 11 ஆண்டுகள் அங்கே தங்கினார். பாழ்மண்டபங்களைச் செப்புத் தகட்டில் செதுக்கிப் புகழ்பெற்ற பிரனேசியோடு அங்கே பழகினார். பனினியின் முறையையும் பயின்றார். 1765-இல் ஊர் திரும்பி, 1767-ஆம் ஆண்டுக் கலைக்காட்சியில் பல பாழ் ஓவியங்களை வைத்தார். அவற்றுள் ஒன்று, கடைக்கோடியிலிருந்து ஒளிபெறும் ஒரு பழைய பெருங்கூடம். அதிலும் நெடுங்கூடம், அதிலும் இடிபாடு. ஆனால் ஒளி வரும் இடம் வேறு. ஒளி கடைக்கோடியில் இருப்பதால் நம் கண் முன்புறத்தில் நிற்காமல் தொலைவுக்கு இழுத்துச் செல்லப்படுகின்றது. பழங்காலத்துக்குள் நாம் நடந்து போவது போன்ற உணர்ச்சி எழுகின்றது. 29 ஆண்டுகள் கழித்து அதே ஓவியர் அதே போன்ற கூடத்தை வரையும்போது ஒளியைக் கடைக்கோடியிலிருந்து பெயர்த்து மேலே வைத்துவிட்டார். கண் இப்போது தொலைவுக்கு ஓடவில்லை; முன்புறத்துச் சிலையிடமும் அதன்முன் இருப்பவனிடமும் தங்குகின்றது. ஒளியின் இடம் மாறியதும் பாழின் பொருளும் மாறிவிட்டது.

1767-ஆம் ஆண்டு ஓவியத்தைப் பற்றித் திதரோ எழுதியது ஐரோப்பியக் கலைத் திறனாய்வில் புகழ்பெற்ற பகுதி. கலைக்களஞ்சியத்தைத் தொகுத்த அதே திதரோதான். கையெழுத்துப் படியாக வெளிநாட்டுப் பிரபுக்களுக்கு அனுப்பப்பட்டுவந்த இதழொன்றுக்காக அவர் கலைக்காட்சிகளைப் பற்றி எழுதிவந்தார். ரொபேரின் பாழ்களைக் கண்டு உள்ளம் உருகிப் பாராட்டிய அவர், ஒரு குறையையும் சொன்னார். ஓவியத்தில் ஆட்கள் மிகுதி, முக்கால் பங்கு உருவங்களை அழித்துவிட வேண்டும், தனிமையையும் அமைதியையும் மிகுவிக்கும் உருவங்களை மட்டும் விட்டுவைக்க வேண்டும் என்பது அவர் அறிவுரை. திதரோ பெரிய மனிதர். ஆனால் இந்த இடத்தில் அவர் ஓவியரின் உள்ளத்தைக் காணத் தவறினார் என்றே கூறவேண்டும். அவர் நாடியது பாழில் தனித்திருந்து வருந்தும் இன்பம். அது காண்பவரின் இன்பம். ரொபேரின் பாழ்களில் மக்கள் வருந்திக்கொண்டிருப்பதில்லை. பெண்கள் துணி துவைக்கின்றனர். உடைந்த தூணுக்கும் தூணுக்கும் இடையே துணி உலர்த்துகின்றனர். மாடு நீர் குடிக்கின்றது. பழைய பேரரசின் எலும்புக்கூட்டுக்குள் அன்றாட வாழ்வு தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கின்றது. லூவர்ப் பாழில் அமர்ந்திருக்கும் ஓவியனும் அந்த இனத்தைச் சேர்ந்தவனே. அவன் பெருமூச்சு விடவில்லை, வரைந்துகொண்டிருக்கின்றான். அவனை அழித்துவிட்டால் ஓவியத்தில் நிலையாமை மட்டுமே மிஞ்சும்.

பின்னால் வந்த புனைவியல் ஓவியர்கள் திதரோவின் அறிவுரையைத்தான் ஏற்றனர் எனலாம். விதிக்கு மேலாக உணர்ச்சியையும் கற்பனையையும் வைத்த ரொமாண்டிக் இயக்கத்தையே இங்குப் புனைவியல் என்கின்றோம். அவ்வியக்கத்தின் விடியலில் நின்றவர் ரொபேர். அதன் நண்பகலில் நின்றவர் ஜெர்மானிய ஓவியர் காஸ்பர் டேவிட் பிரீட்ரிக். 1809, 1810 ஆகிய ஆண்டுகளில் அவர் தீட்டிய 'கருவாலி மரக்காட்டில் துறவி மடம்' இப்போது பெர்லினில் உள்ளது. தம் பிறப்பிடமான கிரைஃப்ஸ்வால்டுக்கு அருகே கிடந்த எல்டெனா மடத்தின் இடிந்த சுவரை மாதிரியாகக் கொண்டு அதனை வரைந்தார். பனி, இலையுதிர்ந்த மரங்கள், சாய்ந்த கல்லறைக் கற்கள், இடிந்த வாயிலை நோக்கிச் சவப்பெட்டியைச் சுமந்து செல்லும் துறவிகள். எல்டெனாவில் துறவிகள் 16-ஆம் நூற்றாண்டுக்குப் பின் இல்லை. எனவே நாம் காண்பது உலகில் நடந்த சவ ஊர்வலம் அன்று. ஓவியர் உள்ளத்தில் நடந்த ஊர்வலம். அந்த ஓவியத்தின் ஆழத்தை நாம் குறைத்துக் கூறவில்லை. அதன் கீழ்ப்பாதியில் கிடக்கும் இருளும் மேற்பாதியில் விரியும் ஒளியும் எளிதில் மறக்கத்தக்கவை அல்ல. ஆனால் அங்கே பாழ் என்பது மறுமைக்கு வாயில். ரொபேரிடம் பாழ் என்பது ஒரு வகுப்பறை. ஆசிரியத் தொழிலில் உள்ளவர்களுக்கு இரண்டாவது நெருக்கமாகத் தோன்றினால் அதில் வியப்பில்லை.

பாழை அமைதியாகப் பார்க்கும் இக்கண் ரொபேருக்கு எளிதில் கிடைத்ததன்று. பிறர் ரோமாபுரியில் மட்டும் கண்ட இடிபாட்டை அவர் தம் ஊரிலேயே கண்டார். பாரிசுப் பாலம் ஒன்றின் மேலிருந்த வீடுகளை 1786-இல் இடித்தபோது போய் வரைந்தார். 1789 ஜூலையில் பஸ்தீல் சிறை தகர்க்கப்பட்டபோது, இடிப்பின் முதல் நாள்களிலேயே அதனை ஓவியமாக்கினார். 1793-இல் சேன் தெனி கோயிலில் பிரெஞ்சு மன்னர்களின் கல்லறைகள் தோண்டப்பட்டன. அதனையும் அவர் வரைந்தார். அவ்வாண்டு அக்டோபரில் அவரே சிறையில் அடைக்கப்பட்டார். அரசரிடம் பணியாற்றியவர் என்பது அந்நாளில் போதிய குற்றம். உடனிருந்தோர் பலர் தலையிழந்தனர். ரொபேர் சிறையிலும் வரைந்துகொண்டிருந்தார். துணி கிடைக்காதபோது உணவுத் தட்டுகளின் மேல் இயற்கைக் காட்சிகளைத் தீட்டினார். அவை விற்பனையும் ஆயின. 1794-இல் ரொபெஸ்பியர் வீழ்ந்த பிறகே விடுதலை பெற்றார். மறுவருடம் லூவரின் காப்பாளர் குழுவில் இடம்பெற்றார். அதற்கடுத்த ஆண்டில் இவ்விரண்டு ஓவியங்கள். தட்டில் படம் தீட்டிய சிறையாளிக்கும், கூரையிழந்த கூடத்தில் அப்பல்லோவை வரையும் ஓவியனுக்கும் உள்ள உறவை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை.

இதுவரை ஓவியத்தின் நற்பக்கத்தையே கூறினோம். அதில் உறுத்தலான ஒன்றும் உண்டு. அதனை மறைத்துவிட்டுப் பாராட்டுவது திறனாய்வு ஆகாது. கூடத்தின் நடுவே நிற்கும் அப்பல்லோ 1796-இல் பாரிசில் இல்லை! அது ரோமாபுரியில், போப்பரசரின் வத்திக்கான் அரண்மனையில் இருந்தது. 'இறக்கும் அடிமை' பிரெஞ்சு நாட்டிலேயே இருந்து, 1794-இல் நாட்டுடைமை ஆனது. அப்பல்லோவின் கதை வேறு. 1796-இல் நெப்போலியன் இத்தாலியின் மேல் படையெடுத்துச் சென்றார். அவ்வாண்டு ஜூன் மாதம் போலோஞாவில் ஏற்பட்ட போர்நிறுத்த உடன்படிக்கையின்படி, போப்பரசர் 100 கலைப்பொருள்களைப் பிரெஞ்சுக்காரரிடம் ஒப்படைக்க வேண்டியதாயிற்று. 1797-இல் தோலெந்தினோ உடன்படிக்கை அதனை உறுதி செய்தது. 1798 ஜூலையில் அப்பல்லோவும் பிற சிலைகளும் வண்டிகளில் ஏற்றப்பட்டு வெற்றி ஊர்வலமாகப் பாரிசு வீதிகளில் இழுத்து வரப்பட்டன.

அப்படியானால், வந்து சேராத சிலையை வந்ததாகவும், வந்தபின் பல நூற்றாண்டுகள் கழிந்துவிட்டதாகவும் ரொபேர் எழுதியிருக்கின்றார். இது ஆசையா, வரவேற்பா, எச்சரிக்கையா? இத்தாலியின் கலைப்பொருள்களை அவற்றின் மண்ணிலிருந்து பெயர்ப்பது கலைக்கே கேடு என்று கத்ர்மேர் தெ கென்சி என்பவர் அதே 1796-இல் கடித வடிவில் ஒரு நூல் எழுதினார். ஓவியர் தாவீது உள்ளிட்ட கலைஞர் பலர் அவர் கருத்தையொட்டி ஒரு விண்ணப்பத்தில் கையெழுத்திட்டனர். எனவே பிரெஞ்சுக் கலைஞர் எல்லாரும் கொள்ளையை வாழ்த்தினர் என்று கூற இயலாது. ஆனால் ரொபேரின் ஓவியம் இவ்வழக்கில் எப்பக்கம் நிற்கின்றது? எமக்குத் தோன்றுவதைச் சொல்லிவிடுகின்றோம். பாரிசைப் பாழாக்கிக் காட்டுவது பாரிசைத் தாழ்த்துவதன்று. பாழாவதற்கும் ஒரு தகுதி வேண்டும். குடிசைகள் பாழாவதில்லை, மறைந்துபோகின்றன. லூவரை ரோமாபுரியின் மண்டபம்போல் இடித்துக் காட்டும்போது, 'எங்கள் நகரமும் ரோமாபுரிக்கு நிகர்' என்ற பெருமிதம் உள்ளே ஒலிக்கின்றது. அந்த ரோமாபுரித் தகுதிக்குச் சான்றாக நடுவில் நிறுத்தப்பட்டிருப்பது ரோமாபுரியிலிருந்தே எடுக்கப்படவிருந்த சிலை. கற்பவனுக்காகக் கலைப்பொருள் என்ற உயர்ந்த எண்ணமும், கைப்பற்றியவனுக்கே கலைப்பொருள் என்ற தாழ்ந்த எண்ணமும் ஒரே பீடத்தில் நிற்கின்றன. பெரிய கலைக்கூடங்கள் எல்லாவற்றிலும் இவ்விரண்டும் கலந்தே இருக்கின்றன என்பதால், இந்த ஓவியத்தின் மதிப்பு இதனால் குறைந்துவிடவில்லை. ஆனால் பார்ப்போரின் வியப்பு சற்றே கசக்கத்தான் வேண்டும்.

இப்பெருமிதம் பிரெஞ்சுக்காரருக்கு மட்டும் உரியதன்று. இலண்டனில் இங்கிலாந்து வங்கிக்குப் புதிய கட்டடங்களை எழுப்பிய சர் ஜான் சோன், தம் கட்டடம் பாழடைந்தால் எவ்வாறு தோன்றும் என்று ஜோசப் காண்டியைக் கொண்டு வரைவித்தார். 1830-ஆம் ஆண்டைச் சேர்ந்த அந்த நீர்வண்ணப்படம் சோன் அருங்காட்சியகத்தில் உள்ளது. மேலிருந்து பறவை காண்பதுபோல் தீட்டிய அப்படத்தில் கூரையற்ற அறைகள் அறை அறையாய்த் தெரிகின்றன. அழகிய படம்தான். ஆனால் அதில் கட்டடத்தின் பெருமை இருக்கின்றதே ஒழிய, கற்பவன் ஒருவனும் இல்லை. சோனின் கட்டடம் பாழாகிப் பேரழகு பெறவும் இல்லை. 1920களிலும் 1930களிலும் வங்கி விரிவுக்காக அதன் பெரும்பகுதி இடித்து அகற்றப்பட்டது. வணிகம் பாழ்களைப் போற்றிப் பாதுகாப்பதில்லை.

ரொபேரின் கற்பனை பின்னாளில் நனவாயிற்றா என்று கேட்போர் உண்டு. பாதி நனவாயிற்று எனலாம். பெருங்கூடம் எந்த அரண்மனையோடு சென்று இணைந்ததோ, அந்தத் துய்லெரி அரண்மனைக்கு 1871 மே 23-ஆம் நாள், பாரிசு மக்களாட்சிக் கிளர்ச்சியின் இறுதி வாரத்தில், தீ வைக்கப்பட்டது. லூவரின் நூலகமும் எரிந்தது. அருங்காட்சியகம் தப்பியது. அரண்மனையின் கருகிய சுவர்கள் 1883 வரை நின்றன. மெசோனியே என்னும் ஓவியர் அவற்றை வரைந்தும் வைத்தார். அது கண்ட பாழை எழுதிய ஓவியம். காணாத பாழை எழுதிய ரொபேரோடு அதனை ஒப்பிடத் தேவையில்லை.

ஒளி வழக்கில் வென்றது ரொபேரின் பக்கமே. நெப்போலியன் ஆட்சியில், 1805-க்கும் 1810-க்கும் இடையே, பெர்சியே, பொன்தேன் என்னும் கட்டடக் கலைஞர் இருவர் பெருங்கூடத்தைத் திருத்தி அமைத்தனர். கூடத்தைத் தூண்களாலும் வளைவுகளாலும் பகுதி பகுதியாகப் பிரித்து, சில பகுதிகளில் கூரைவழி ஒளி வரச் செய்தனர். ரொபேரின் திட்ட ஓவியத்தில் காணும் அமைப்புக்கு மிகவும் நெருங்கியது அது. கூடம் முழுவதும் மேலொளி பெறுவதற்குப் பின்னும் நெடுங்காலம் ஆயிற்று. ரொபேர் 1808 ஏப்ரலில் இறந்துவிட்டமையால், முடிந்த வேலையை அவர் காணவில்லை.

அப்பல்லோவோ பெருங்கூடத்துக்கு வரவே இல்லை. பாரிசுக்கு வந்தபின் அதனை லூவரின் கீழ்த்தளத்தில், பழஞ்சிலைகளுக்கென 1800-இல் திறந்த அறைகளில் நிறுத்தினர். அங்கே ஓவிய மாணவர் அதன்முன் அமர்ந்து வரைந்ததுண்டு. அந்த அளவில் ரொபேரின் படம் மெய்யாயிற்று. 1815-இல் வாட்டர்லூப் போரில் நெப்போலியன் தோற்றார். சிற்பி கனோவா போப்பரசரின் சார்பாகப் பாரிசுக்கு வந்து சிலைகளைக் கேட்டார். பிரஷ்யரும் ஆஸ்திரியரும் நெதர்லாந்தினரும் தத்தம் ஓவியங்களைக் கேட்டனர். கொடுக்க மனமில்லாத அதிகாரிகள் நாள் கடத்திப் பார்த்தனர். படைவீரர் வந்து நின்றபின் கொடுத்தனர். அவ்வாண்டு இலையுதிர் காலத்தில் பெருங்கூடத்தின் நெடுஞ்சுவர்களில் வெற்றிடங்கள் பெருகின. கூரை உடையவில்லை, பெர்சியேயும் பொன்தேனும் திறந்த சாளரங்களின் வழியே ஒளி முன்போலவே இறங்கிக்கொண்டிருந்தது. அப்பல்லோவைப் பெட்டியில் அடைத்து வண்டியேற்றினர். 1816-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அது ரோமாபுரி போய்ச் சேர்ந்தது.